காரைதீவு என்றால் ஒலுவில்

கடற்கரைத் தொடர்பு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஸலாமும் வணக்கமும்.

அறைக்குப் புதுச் செட் வாங்கப் போகிறீர்களாம். அமெச்சூர் வானொலிச் செட் வாங்குவதா, மாற்றிய சீபீ செட் வாங்குவதா என்று ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ஒரு தாள் போதாது. இதே கேள்விக்கு நான் முன்பு ஒரு கூட்டத்தில் மிக அழகான பதில் சொன்னவன். கூட்டத்தில் இருந்த ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அந்த அழகான பதிலால் பிறகு மூன்று பேர் கடலோடு போகப் பார்த்தார்கள். ஆகவே நீட்டித்தான் சொல்லுவேன். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

உங்களில் சிலருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெச்சூர் செட்டை நாங்கள் ஹாம் என்போம். அதில் கதைக்கச் சோதனை எழுதி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். சத்தம் சுத்தமாக இருக்கும், கொழும்பு என்ன, கடல் கடந்தும் போகும். சீபீ சின்னப் பெட்டி. கடலுக்குப் போகிறவர்கள் போட்டில் பூட்டுவது அதைத்தான். அதைத் திறந்து உள்ளே ஒரு கம்பியை வெட்டினால் இல்லாத சேனல்கள் முளைக்கும், ஒரு திருகைத் திருப்பினால் சக்தி கூடும். அப்படி மாற்றினால் தூரம் போகும், ஆனால் பக்கத்துச் சேனல்களையெல்லாம் நாசமாக்கிக்கொண்டுதான் போகும். சட்டத்துக்கும் புறம்பு. எங்கள் கரையில் அந்த நாளில் மாற்றாத சீபீயைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

நான் ஹாம்காரன். அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியவன். போர்க்காலத்தில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு மேலே அன்டெனா வைத்திருப்பது சும்மா விசயமில்லை. சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்லிச் சொல்லியே எனக்குச் சிங்களம் நன்றாக வந்தது. அவ்வளவு பாடுபட்டு எடுத்ததாலோ என்னவோ, ஹாம் என்றால் எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. இருந்தது என்று ஒத்துக்கொள்வதில் இப்போது வெட்கமில்லை.

சுனாமி அந்தத் தலைக்கனத்தை இன்னும் கூட்டியது. கடைத்தெருவில் இருந்த என் ரேடியோ திருத்தும் கடை போய்விட்டது. வீடு பெரிய றோட்டுக்கு மேற்கே என்பதால் செட் தப்பியது. மறுநாள் ஒரு வேனின் பற்றரியைக் கழற்றிவந்து பூட்டினேன். முதலில் சீபீ சேனலைத்தான் கேட்டுப் பார்த்தேன். ஒரே நேரத்தில் இருபது பேர் மைக்கை அமத்திப் பிடித்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிட்டார்கள். பெயர், அழுகை, பெயர். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. என் தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளும் அந்த அலையில் போனவர்கள். அந்தச் சத்தத்துக்குள் அவர்களின் பெயரும் வந்துவிடுமோ என்று பயந்து நான் சேனலை மாற்றினேன்.

ஹாமில் கொழும்பு நண்பர் ஒருவர் உடனே எடுத்தார். ஆஸ்பத்திரிக்குத் தேவையான மருந்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். இரண்டாம் நாள் லொறி வந்தது. சொன்ன மருந்துகள் சொன்னபடியே இறங்கின. அன்று என் மனதில் ஒன்று உறுதியாகப் பதிந்தது. ஒழுங்காகக் கதைத்தால் ஆள் பிழைக்கும், ஒழுங்கில்லாமல் கதைத்தால் அழுகைதான் மிஞ்சும். இதில் பாதிதான் சரி என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருடம் எடுத்தது.

பிறகு நிவாரணம் செய்ய வந்த ஒரு நிறுவனம், கரையோர மீனவருக்குத் தொடர்பு அறை ஒன்று போட்டுத் தருவோம், என்ன செட் வேண்டும் என்று கேட்டது. அதற்குத்தான் அந்தக் கூட்டம். பாண்டிருப்புத் துறையிலிருந்து வந்த சிவலிங்கம் எழும்பினார். இழுத்து மடித்த சாரம், கழுத்தில் துவாய், நல்ல வாய்க்காரர். மூத்த அண்ணனைப் போல என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, உங்கட பெரிய செட்டுல நாங்க கதைக்கேலாதே. சோதின எழுதோணும், மேலிடத்துல அனுமதி எடுக்கோணும். எங்களுக்கு எங்கட சீபீதான் தோது. இரிக்கிறதப் பறிக்காம இன்னும் நாலு வாங்கித் தாங்க."

"அந்தச் சந்தைக் கூச்சல இன்னும் கூட்டவா, தம்பி?" என்றேன். "சுனாமிக்கு மறுநாள் நான் கேட்டன், நீங்க கதைச்ச கதைய. கதைக்கிறதெண்டா ஒழுங்காக் கதைக்கப் பழகுங்க."

கூட்டத்தில் சிரிப்பு. சிவலிங்கம் உட்கார்ந்துவிட்டார். நான் வென்றுவிட்டேன்.

அறையில் ஹாம் நிலையம் வந்தது. போட்டுகளுக்கு மாற்றாத புதுச் சீபீ, எல்லோருக்கும் ஒரே சேனல். பழைய மாற்றிய செட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வீடுகளில் இருந்தவற்றையும் விடவில்லை. மீனவர் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் ஒரு சீபீயை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கேட்பார்கள். சமையலும் நடக்கும், கடலில் இருப்பவரின் குரலும் காதில் விழும். சிவலிங்கத்தின் மனைவி பூமணி அவளுடைய செட்டைத் துடைத்து ஒரு சீலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள்.

"இது இல்லாட்டி அவர்ர சத்தத்த நான் எப்பிடிக் காக்கா கேக்கிற?"

"அறைக்கு வாங்க தங்கச்சி. நாங்க கேட்டுச் சொல்லுவம்."

நியாயமாக நடந்துகொண்டதாகத்தான் நான் நினைத்தேன். சிவலிங்கம் மட்டும் வீட்டுச் செட்டைத் தந்துவிட்டுப் போட்டில் இருந்த மாற்றிய செட்டைத் தராமல் ஏய்த்துக்கொண்டு திரிந்தார். நானும் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு மேல் எல்லாம் நன்றாகவே போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். புயல் அறிவித்தல் போனது, காய்ச்சல்காரர் ஒருவரைக் கரைக்கு எடுத்தோம், காணாமல் போன வலையைக்கூடத் தேடிக் கொடுத்தோம். என் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் கையெழுத்துப் பயிற்சிக் கொப்பி மாதிரி இருக்கும்.

போர் முடியும் தறுவாய் வந்தது. கடலுக்கு இவ்வளவு தூரம்தான், இந்த நேரம்தான் என்று கட்டுப்பாடு. கைபேசி ஒரு நேரம் எடுக்கும், ஒரு நேரம் எடுக்காது. கச்சான் காற்று தொடங்கியிருந்தது. எங்கள் கரையில் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும். எஞ்சின் நின்ற போட்டை அது கரைக்குக் கொண்டுவராது, வெளியே வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

ஒருநாள் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து, ஹாம் செட்டில் பழைய சேனல்களைச் சும்மா ஒருமுறை கேட்டுக்கொண்டு போனேன். அந்தச் செட்டில் சீபீ சேனல்களைக் கேட்கலாம், ஆனால் பதில் சொல்ல முடியாது. நான் மூடிவிட்டதாக நினைத்த ஒரு சேனலில் சிவலிங்கத்தின் குரல் வந்தது.

"எஞ்சின் நிண்டு போச்சு. காரைதீவுக்கு நேர நிக்கிறம். மூணு பேர். கச்சான் தள்ளுது. பற்றரியும் முடியப் போகுது. ஆராவது கேக்கிறீங்களா?"

ஒருவரும் கேட்கவில்லை. மற்றப் போட்டுகளெல்லாம் நான் கொடுத்த புதுச் சேனலில் இருந்தன. அவர் அதையே இன்னும் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை பாதியில் நின்றது.

நேரம், இடம், ஆள் தொகை, காற்று எல்லாம் எழுதினேன். ஹாமில் கொழும்பு நண்பரைப் பிடித்தேன். அவர் எழுதித் திருப்பி வாசித்தார், தேட வேண்டியவர்களுக்கு அறிவித்தார். கால் மணித்தியாலத்துக்குள் தேடும் படகு வெளிக்கிட்டுவிட்டது. என் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமாக நான் ஒரு செய்தி அனுப்பியதில்லை.

இரண்டு மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது. காரைதீவுக்கு நேரே கடலில் ஒன்றும் இல்லை, இன்னும் வெளியே போய்ப் பார்க்கிறார்கள்.

அந்த நேரம்தான் பூமணி வந்தாள். வெள்ளன வரவேண்டிய மனிசன் வரவில்லை என்று விசாரிக்க வந்தவள், சுவர்ப் பலகையில் நான் சோக்கால் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"காரைதீவு எண்டு ஆரு காக்கா சொன்ன?"

"உங்கட ஆள்தான் தங்கச்சி. நானே கேட்டனே."

"சேனல்லயா சொன்னவர்?"

"ஓம்."

"அப்ப அது காரைதீவு இல்ல."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் காதால் கேட்டதை இவள் இல்லை என்கிறாளே என்ற கோபம். அவள் உள்ளே வந்து, பக்கத்தில் ஆள் இல்லாத அறையிலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"மீன் பட்ட இடத்த ஆரும் சேனல்ல உள்ளபடி சொல்லுவாங்களா? எல்லாத் துறையும் கேட்டுக்கிட்டு நிக்கும். ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு கணக்கு. எங்கட ஆக்கள் சொன்ன ஊருக்குத் தெக்க ரெண்டாம் ஊருலதான் நிப்பாங்க. காரைதீவு எண்டா நிந்தவூர் கழிச்சு ஒலுவில்."

இத்தனை வருடம் அந்தச் சேனல்களைக் கேட்டவன் நான். அவர்கள் சொன்ன ஒவ்வொரு ஊரையும் நம்பி எழுதியவன். என் பதிவுப் புத்தகத்தில் இருந்த பாதி இடங்கள் பிழை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் அப்போது அதற்காக வெட்கப்பட நேரமில்லை. தேடும் படகு ஒன்றுதான். அதை ஒலுவிலுக்குத் திருப்பி, இவள் சொன்னது பிழையாகப் போனால், சரியான இடத்திலிருந்து அதை இழுத்தெடுத்தவன் நானாவேன். இருட்ட இன்னும் இரண்டரை மணித்தியாலம்தான் இருந்தது. ஒரேயொரு கேள்வி கேட்டேன்.

"மீன் பட்ட நேரம் சரி. சாகப் போற அந்தரத்திலயும் ஒரு மனிசன் மாத்திச் சொல்லுவானா, புள்ள?"

"காக்கா, காய்ச்சல் வந்தா நீங்க இங்கிலீசிலயா முனகுற?"

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. சிவலிங்கம் பொய் சொல்லவில்லை. அந்தச் சேனலில் இருபது வருடம் எப்படிக் கதைத்தாரோ அப்படிக் கதைத்தார். கேட்கிறவன் துறைக்காரனாக இருந்தால் நேரே ஒலுவிலுக்குப் போயிருப்பான். கேட்டது நானாகப் போய்விட்டேன், கேட்க வேண்டியவர்களை வேறு சேனலுக்கு அனுப்பியவனும் நான்தான்.

ஹாமில் கொழும்பைக் கூப்பிட்டு, இடம் ஒலுவிலுக்கு நேரே என்று மாற்றிக் கொடுத்தேன். நண்பர், இடம் ஏன் மாறுகிறது என்று அங்கே கேட்பார்களே, என்ன சொல்ல என்றார். அது எந்தக் காலம் என்று யோசித்துப் பாருங்கள். நிற்கும் இடத்தை ஒருவன் மாற்றிச் சொன்னான் என்று வாயால் வந்துவிட்டால், கரைக்கு வந்த பிறகும் விசாரணையிலிருந்து அவனுக்கு விடிவில்லை. பூமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் எழுதி எடுத்தது பிழை. பிழை முழுக்க என்னுடையது என்று சொல்லுங்கள்" என்றேன். அதில் பொய் ஒரு சொட்டும் இல்லை.

தேடும் படகு வடக்கே தூரத்தில் நின்றது. திரும்பி வர நேரம் எடுக்கும். அதைவிடக் கிட்ட, காலையில் சொல்லிவிட்டுப் போனபடி, ஒலுவில் பக்கமாக மருதமுனை றபீக்கின் போட் நின்றது. றபீக் பாண்டிருப்புக்காரரோடு சேர்ந்தே தொழில் செய்பவன், அவர்களுடைய கணக்குத் தெரிந்தவன். அவனைப் பிடிக்க வேண்டும். அறையில் இருந்த மாற்றாத சீபீயில் அவன் குரல் எங்களுக்கு மங்கலாகக் கேட்கும், எஞ்சின் இரைச்சலுக்குள் நிற்கும் அவனுக்கு எங்கள் குரல் எட்டாது. என் ஹாமுக்கு எட்டும், ஆனால் அந்தச் சேனலில் அது வாய் திறக்காது.

அலுமாரியைத் திறந்தேன். கைக்கு முதலில் வந்தது சீலைத் துண்டில் சுற்றிய பூமணியின் செட். மாற்றிய சீபீயில் கதைத்தால் என் அனுமதிப்பத்திரம் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்குப் படிப்பித்தவனே நான்தான். கம்பிகளைக் கொழுவி, புதுச் சேனலுக்குத் திருப்பி, மைக்கை எடுத்து வாயருகே கொண்டுபோனேன்.

"என்ன சொல்லப் போறீங்க?" என்று பூமணி கேட்டாள்.

"ஒலுவிலுக்குப் போ எண்டு."

"ஒலுவில் எண்டா அவன் பாலமுனை கழிச்சு அட்டாளைச்சேனைக்குப் போவான். இஞ்ச தாங்க."

மைக்கைப் பறித்தே விட்டாள்.

"றபீக் தம்பி, பூமணி அக்கா கதைக்கன். அண்ணன்ட எஞ்சின் நிண்டு போச்சு. காரைதீவுக்கு நேர நிக்கிறார். விளங்கிச்சா? காரைதீவுக்கு நேர. கச்சான் தள்ளுது, வெளிய பாத்துப் போங்க. சுறுக்காப் போங்க தம்பி."

இரைச்சலுக்குள்ளால் பதில் வந்தது. "ஓம் அக்கா, விளங்கிட்டு. இந்தா அந்தப் பக்கம் கிறுகிட்டன்."

அதே நேரம் மற்ற மேசையில் நான் கொழும்புக்கு ஒலுவில், ஒலுவில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே அறை, ஒரே இடம், இரண்டு செட்டில் இரண்டு பெயர். இரண்டும் சரி. அந்த ஒரு நிமிடத்தில் நான் படித்ததை எந்தச் சோதனைப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மாலை மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னர் றபீக் கூப்பிட்டான். கண்டுவிட்டானாம், ஒலுவிலுக்கு நேரே, நன்றாக வெளியே. மூன்று பேருக்கும் உயிர் இருக்கிறது, கயிறு போட்டு இழுத்து வருகிறான். பூமணி மைக்கை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னேன், பிறகு அழுதேன். என் தங்கச்சியின் பிள்ளைகளுக்காக அழாத அழுகையும் அதோடு சேர்ந்துதான் வந்தது.

மறுநாள் சிவலிங்கம் அறைக்கு வந்தார். உதடு வெடித்து, முகம் கறுத்துப் போயிருந்தது.

"காக்கா, காரைதீவு எண்டு சொன்னது எனக்கே தெரியா. ஒலுவில் எண்டுதான் சொன்னன் எண்டு நினைச்சிக்கிட்டு இருந்தன்."

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னிடம் கேட்டார். பிறகு இருவரும் தேத்தண்ணி குடித்தோம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹாம் செட் வாங்குங்கள். நல்லதாக வாங்கி, இரண்டு பேரையாவது சோதனை எழுத வையுங்கள். ஊர் முழுக்கத் தொடர்பு அறுந்த நாளில் வெளியுலகத்தைப் பிடிக்க அதை விட்டால் வேறில்லை. மாற்றிய சீபீ வாங்காதீர்கள். நான் செய்ததை வைத்து அதற்கு நியாயம் தேடவும் வேண்டாம், அது பத்துப் பேரின் குரலை அமத்தித்தான் ஒருவரின் குரலைக் கொண்டுபோகிறது. ஒழுங்கான சீபீ வாங்கி, அன்டெனாவை உயர்த்தி, போட்டுக்காரர் எந்தச் சேனலில் இருக்கிறார்களோ அந்தச் சேனலுக்கு நீங்கள் போங்கள். அவர்களை உங்கள் சேனலுக்கு இழுக்காதீர்கள். செட்டுக்கு முன்னால் அந்தந்தத் துறையின் ஆள் ஒருவரை இருத்துங்கள். அடுப்படியில் இருந்து கேட்டுப் பழகியவர்கள் என்றால் இன்னும் நல்லது. செட் எது என்று நீங்கள் எத்தனை கூட்டம் போட்டாலும், சொல்வது விளங்குகிற ஆள் அறையில் இல்லாவிட்டால் இரண்டும் வெறும் பெட்டிதான்.

இனி அந்தப் பதிவுப் புத்தகம். சில வாரம் கழித்து விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மாற்றிய சீபீயில் அறையிலிருந்து கதைத்ததை நானே சொன்னேன். அதற்கு என் அனுமதிப்பத்திரம் ஒரு வருடம் நின்றது, சுவரில் இருந்து நானே கழற்றிக் கொடுத்தேன். பிறகு அவர் புத்தகத்தைப் புரட்டி அன்றைய பக்கத்துக்கு வந்தார். காரைதீவு என்ற வரி வெட்டப்பட்டு, கீழே ஒலுவில் என்று எழுதியிருந்தது. அந்தத் திருத்தம் எங்கிருந்து வந்தது என்று காட்டும் நிரலில் விரலை வைத்தார். அந்த நிரலில் நிலையத்தின் அழைப்புக்குறியை எழுத வேண்டும். அது ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்தது. நான் தமிழில் பூமணி என்று எழுதியிருந்தேன்.

"இது அழைப்புக்குறி இல்லையே. வெட்டிவிட்டு ஒழுங்காக எழுதுங்கள்" என்றார்.

வேறு எந்த நிலையமும் அன்று சரியான இடத்தைச் சொல்லவில்லை என்றேன்.

அவர் பேனையை என் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தார். நான் வாங்கவில்லை. புத்தகம் உங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், அந்தப் பெயர் வெட்டாமல் இருக்கும்.